மௌனா லோவாவுக்கு எதிரே ஆறு நாள்

தூத்துக்குடியில் இருபத்தொன்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தினேன். கரும்பலகையில் நான் அதிகம் வரைந்தது பென்சீன் வளையம். அதற்கு அடுத்தபடியாக ஒரு ரம்பப்பல் கோடு. இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும், வருடத்துக்கு ஒரு பல். தேர்வுக்கு வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு முழுக்க அதற்குக் கொடுத்துவிடுவேன். காற்றில் உள்ள கரியமில வாயுவை ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 முதல் அளந்து வந்த கணக்கு அது. அளக்கத் தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங்.

மகள் கலிபோர்னியாவில் வேலைக்குப் போனதும், "அம்மா, எங்கே போகணும் சொல்லு" என்றாள். நயாகரா என்று சொல்வேன் என எதிர்பார்த்தாள் போல. நான் சொன்ன பெயரை அவள் வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. 2022 அக்டோபரிலேயே டிக்கெட் எடுத்துவிட்டோம். திருப்பிக் கொடுத்தால் காசு வராத டிக்கெட். நவம்பர் 27 இரவு, முப்பத்தெட்டு வருடம் சும்மா இருந்த மௌனா லோவா வெடித்தது. மறுநாள் வாயுவை அளக்கும் அந்த ஆய்வகத்துக்குப் போகும் சாலையை எரிகுழம்பு மூடியது. மின்சாரமும் போனது. நான்கு மாதத்தில் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பித்தான் கிளம்பினோம்.

24 மார்ச் 2023, வெள்ளி: ஹீலோ

மழையில்தான் இறங்கினோம். ஹவாய்த் தீவின் ஹீலோ விமான நிலையத்தில் பாதி சுவர்தான், மீதி திறந்த வெளி. மண் வாசனையும் ஏதோ பூ வாசனையும் சேர்ந்து வந்தன. வாடகைக் காரின் துடைப்பான் நிற்கவே இல்லை.

தங்கியது ஒரு வீட்டின் பின்கட்டில். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மகள் ஷூவோடு உள்ளே போகப் பார்த்தாள், வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே கீழே காட்டினார். எண்பதைத் தாண்டிய ஜப்பானிய வம்சாவளிப் பெண். தாத்தா காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அமெரிக்கா வந்து மூன்று மாதத்தில் செருப்பை வெளியே கழற்றச் சொன்ன முதல் வீடு இது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் சொன்ன கடைக்குப் போனோம். சைமின் என்று ஒரு நூடுல்ஸ் சூப், கிண்ணம் 11 டாலர். மனதுக்குள் 82-ஆல் பெருக்கும் பழக்கத்தை விட முடியவில்லை. தொள்ளாயிரம் ரூபாய். ஆனால் கிண்ணத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனதும் கணக்கு மறந்துபோனது. மாசிக் கருவாட்டு வாசனை! உலர்த்திய சூரை மீனைச் சீவிப்போட்டு எடுக்கும் சாறுதான் அந்த சூப்புக்கு அடிப்படை. எங்கள் ஊரில் மாசி இடித்துச் சம்பல் வைப்போம், இவர்கள் கொதிக்கவைத்து வடிக்கிறார்கள். பசிபிக் நடுவில் உட்கார்ந்து அம்மா சமையலை நினைப்பேன் என்று யார் கண்டது?

வீட்டுக்குத் திரும்பியதும் சாலையைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்கார அம்மா என் கையைத் தொட்டுச் சொன்னார்: "ஆய்வகச் சாலையா? அது பாறைக்கு அடியில் இருக்கிறது, கண்ணு." மகள் என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, சொல்ல மனம் வரவில்லை.

தகரக் கூரையில் மழை விடிய விடியப் பெய்தது.

25 மார்ச், சனி: சந்தை, மழை

ஹீலோவில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,200 மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடிக்கு 600 சொச்சம். அங்கே ஐந்து வருடம் பெய்வது இங்கே ஒரே வருடத்தில் பெய்துவிடுகிறது. குடை பிடிப்பவர் யாரும் இல்லை என்பதுதான் ஆச்சரியம். நனைகிறார்கள், காய்கிறார்கள், மறுபடி நனைகிறார்கள். என் தூத்துக்குடிக் குடை காலையிலேயே ஒரு கம்பி விட்டது.

சனிக்கிழமைச் சந்தையில் கால் வைத்ததும் ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. பப்பாளி, ரம்புட்டான், முருங்கைக்கீரை, சீமைப்பலா. ஒரு பெண் வாழைப்பழத்தைத் தாராகவே சாய்த்து வைத்திருந்தாள். சின்னப் பப்பாளி ஐந்து 4 டாலர். சேம்பங்கிழங்கை அவித்து மசித்து, கத்தரிப்பூ நிறத்தில் கூழாக ஒரு டப்பாவில் வைத்திருந்தார்கள், அதற்கு 'போய்' என்று பெயர். லேசான புளிப்பு. பழையசோறு தின்று வளர்ந்த நாக்குக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இந்த ஊரில் வயதானவர்களை எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சில்லறை கொடுத்த பையன் "தேங்க்யூ ஆன்ட்டி" என்றான். கலிபோர்னியாவில் மேடம் என்பார்கள், இல்லையென்றால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆன்ட்டி என்றதும் கூட இரண்டு பப்பாளி வாங்கிவிட்டேன்.

மத்தியானம் மழை வலுத்தது. ஒரு கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்று கையை நீட்டினேன். துளிகள் பொடிப்பொடியாக இருந்தன. கோடை மழையில் நம் ஊரில் தலையில் விழுகிற கொட்டைத் துளி இல்லை. இந்தத் துளிக்கும் ஒரு வரலாறு உண்டு. மேகத்தின் உச்சி தண்ணீர் உறையும் உயரத்துக்கு மேலே போய், பனிப்படிகம் உண்டானால்தான் நல்ல மழை பெய்யும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஹவாய் மேகங்கள் அவ்வளவு உயரம் போவதில்லை. உச்சியே வெதுவெதுப்பாக இருக்கும், ஆனாலும் கொட்டித் தீர்க்கின்றன. அது எப்படி என்று பார்க்கத்தான் 1954-இல் இந்தத் தீவில் புராஜெக்ட் ஷவர் என்ற கூட்டு ஆய்வு நடந்தது. கடலிலிருந்து கிளம்பும் உப்புத் துகள் நீராவியை இழுத்துக்கொண்டு பெரிய நீர்த்துளியாகிறது, அது விழும் வழியில் சின்னத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு மழையாகிறது என்ற விளக்கத்தை அவர்கள் இங்கேதான் துருவிப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்பே டங்கன் பிளான்சர்ட் என்பவர் சாயம் தடவிய வடிதாளை மழையில் நீட்டி, விழுந்த பொட்டுகளின் அகலத்தை வைத்துத் துளிகளை அளந்தார். மலைமழையின் துளி 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம் என்று கண்டார்.

நான் கைக்குட்டையை நீட்டிப் பார்த்தேன். பொட்டுகள் சின்னதாகத்தான் விழுந்தன. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். மகள் எனக்கும் சேர்த்துப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றாள்.

26 மார்ச், ஞாயிறு: மூடிய சாலை

ஹீலோவிலிருந்து மேற்கே மலை ஏறும் நெடுஞ்சாலையில் போனோம். இரண்டு பெரிய எரிமலைகளுக்கு நடுவே சேணம் போலத் தாழ்ந்த இடத்தில் போகிற சாலை. வலப்பக்கம் மௌனா கேயா, இடப்பக்கம் மௌனா லோவா. அப்படித்தான் வரைபடம் சொன்னது. எங்களுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை மட்டும்தான். கால்மணி நேரம் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனோம்.

சேணத்தின் உச்சியில் பூ ஹுலுஹுலு என்று ஒரு சின்ன எரிமலைக் குன்று. சுற்றிலும் கருங்குழம்பு ஓடி உறைந்திருக்க, இது மட்டும் மரமும் புதருமாகத் தப்பி நிற்கிறது. பெயருக்கே பரட்டைத்தலைக் குன்று என்றுதான் பொருளாம். ஏறும் இடத்தில் ஷூவின் அடியைத் தேய்க்க பிரஷ் வைத்திருக்கிறார்கள். ஓஹியா மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை மண்ணோடு ஒட்டிப் பரவுகிறது. முன்னால் போன குடும்பத்தில் நான்கு வயதுக் குழந்தைகூட ஒரு காலைத் தூக்கித் தேய்த்துவிட்டுத்தான் போனது. நாங்களும் தேய்த்தோம்.

ஆய்வகத்துக்குப் பிரியும் சாலை பக்கத்தில்தான். தடுப்பு, மூடப்பட்டது என்ற பலகை. அதற்கு அப்பால் ஈரத்தார் கொஞ்ச தூரம் போய் மேகத்துக்குள் மறைந்தது.

இறங்கி நின்றேன். காற்று ஊசி மாதிரி குத்தியது, பத்து டிகிரி இருந்தால் அதிகம். ஏறக்குறைய 27 கிலோமீட்டர் அந்தச் சாலை. முதலில் போட்டது சிறைக் கைதிகளின் உழைப்பில். 1951-இல் உச்சியிலேயே ஒரு சின்ன வானிலைக் குடில் வைத்தார்கள். அமெரிக்க வானிலைத் துறையில் அதற்கு முன்னின்றவர் ராபர்ட் சிம்சன். புயல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போடும் அளவுகோலில் பின்னால் பெயர் சேர்ந்ததே, அதே சிம்சன். உச்சிக்குப் போவது பெரும்பாடாக இருந்ததால், சரிவில் 3,400 மீட்டரில் 1956-இல் இப்போதைய ஆய்வகத்தைக் கட்டினார்கள். கரியமில வாயுவுக்காகக் கட்டியதில்லை. பொதுவான வானிலை, வளிமண்டல ஆய்வுக்கு.

அடுத்த வருடம் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு வந்தது. துருவம், கடல், விண்வெளி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அளப்போம் என்று நாடுகள் கைகோத்த காலம். ஸ்புட்னிக் ஏறியதும் அதற்குள்தான். அந்தப் பணத்தில் ஒரு துளி இந்த மலைக்கு வந்தது. 1958 மார்ச் 29-ஆம் தேதி கருவியின் பேனா காட்டிய முதல் அளவு 313. அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு கரியமில வாயு.

கருவியைக் கொண்டுவந்து பொருத்தியது சக ஊழியர்கள். கீலிங் அப்போது மலையைப் பார்த்ததே இல்லை! நவம்பரில்தான் முதல்முறை வந்தார். அதற்குள் மின்சாரம் பலமுறை கைவிட்டது. அந்த முதல் வருடத்துப் பட்டியலில் ஜூன் காலி, அக்டோபர் காலி. மே வரை ஏறிய எண், ஜூலையில் பார்த்தால் இறங்கியிருக்கிறது. கருவி கெட்டதா, காற்றே அப்படியா என்று தெரியாமல் அவர் கவலைப்பட்டிருக்கிறார். ஒரு முழு வருடம் சுற்றி, மறுபடி மே மாதம் ஏறி, மறுபடி இறங்கியபோதுதான் விளங்கியது. பூமியின் வட பாதியிலுள்ள காடுகளும் வயல்களும் கோடையில் துளிர்த்து வாயுவை இழுக்கின்றன, இலை உதிர்ந்து மக்கும்போது திருப்பிவிடுகின்றன. ரம்பத்தின் ஒரு பல் அது. என் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன். ஏனென்று பிள்ளைகள் கேட்டதில்லை. கை நடுங்கும், அதனால்தான்.

இன்று அந்தத் தடுப்புக்கு முன்னால் நின்றபோதும் நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

குன்றில் ஏறினோம். இருபது நிமிடம். மேகம் ஒரு நொடி விலகி, தெற்கே சரிவில் புதுக் குழம்பு ஓடிய இடம் தெரிந்தது. பழைய பாறை பழுப்பு, புதியது எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும் கறுப்பு. நெடுஞ்சாலைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் நாங்கள் வந்த சாலையும் போயிருக்கும். மேகம் மறுபடி மூடிக்கொண்டது. ஆய்வகம் இருக்கும் உயரம் தெரியவே இல்லை.

திரும்பும் வழியில் சூடான மலசாடா வாங்கினோம். போர்த்துகீசியர் கொண்டுவந்த பண்டம், ஓட்டையில்லாத வடை மாதிரி உருண்டையாக, மேலே சர்க்கரை. ஒன்று 2 டாலர். காரில் பேசாமல் தின்றோம்.

27 மார்ச், திங்கள்: ஓய்வு

தலைவலி. மழை. வெளியே போனது ஒரு தடவைதான். கடற்கரைச் சாலையில் பச்சை நிறக் கம்பத்தின் மேல் ஒரு கடிகாரம், 1 மணி 4 நிமிடத்தில் நின்றிருக்கிறது. 1960 மே 23 அதிகாலை சிலியிலிருந்து வந்த சுனாமி தாக்கிய நேரம். ஹீலோவில் 61 பேர் இறந்தார்கள். 2004 டிசம்பரைப் பார்த்த கடற்கரையிலிருந்து வருகிறேன், அந்தக் கடிகாரத்தின் கீழ் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

வீட்டுக்கார அம்மா இஞ்சி போட்டுத் தேநீர் கொண்டுவந்தார். நான் எதற்காக வந்தேன் என்று மகள் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். "மலை இருக்கிற இடத்தில்தான் இருக்கும். நாளைக்கு எதிர் மலைக்குப் போய்ப் பாருங்கள், அதிகாலையில் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள்" என்றார். பிறகு, உச்சிவரை போக வேண்டாம் என்றும் சொன்னார். மௌனா கேயா இங்குள்ளவர்களுக்குச் சாமி மலை. அங்கே இன்னொரு பெரிய தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்து 2019-இல் மாதக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள், நாங்கள் நேற்று நின்ற அதே பரட்டைக் குன்றின் அடியில். மலையைச் சாமியாகப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. பொதிகையைப் பார்த்தால் கை தானாகக் குவியும். சரி, பாதி வழியோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொன்னேன்.

படுத்துக்கொண்டே மகளுக்குக் கீலிங் கதையைச் சொன்னேன். மலைக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு, 1955-இல், அவர் கலிபோர்னியாவின் பிக் சர் காட்டில் கூடாரம் போட்டு, ராத்திரியும் பகலுமாகச் சில மணிக்கு ஒருதரம் எழுந்து கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்தார். ஐந்து லிட்டர் குடுவை, உள்ளே வெற்றிடம், மூடியைத் திறந்தால் காற்று சீறி நுழையும். ராத்திரி எண் ஏறும், பகலில் இறங்கும். ஆனால் காற்று நன்றாகக் கலந்திருக்கும் மத்தியானத்தில் மட்டும், எந்த ஊரில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே எண், 310-ஐ ஒட்டி. அதுவரை ஆளாளுக்கு ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்று முழுவதற்கும் ஒரு எண் உண்டு என்று அந்தக் குடுவைகள்தான் காட்டின.

அதைக் கேள்விப்பட்டு வானிலைத் துறையின் ஹாரி வெக்ஸ்லர் வேலைக்கு அழைத்தார். வாஷிங்டனில் ஒரு மங்கலான நிலவறையைக் காட்டி இங்கேதான் உன் இடம் என்றார்களாம். அடுத்து, ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் ரோஜர் ரெவெல் கூப்பிட்டார். அங்கே வெயிலில், கடல்காற்றில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். கீலிங் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார். மலையும் கொஞ்சம் பணமும் வெக்ஸ்லர் வழியாகவே வந்தன.

"நானும் அந்தக் கம்பெனியை ஜன்னல் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்" என்றாள் மகள். சிரித்தேன். தலைவலி கொஞ்சம் விட்டது.

28 மார்ச், செவ்வாய்: எதிர் மலை

காலையில் மீன்கடையில் போக்கே வாங்கினோம். பச்சைச் சூரையைத் துண்டு போட்டு, கடற்பாசி, நல்லெண்ணெய், வெங்காயம் சேர்த்துப் பிசைந்தது. சோற்றோடு 16 டாலர். மீன்பிடி ஊர்க்காரிதான், ஆனாலும் அடுப்பில் ஏறாத மீனை வாயில் வைக்க ஐந்து நிமிடம் ஆனது. வைத்த பிறகு பேச்சே இல்லை. நல்லெண்ணெய் எந்த ஊரிலும் கைவிடாது.

மத்தியானம் கிளம்பினோம். 1,500 மீட்டர் தாண்டும்வரை அதே மழை, அதே வெள்ளை. மௌனா கேயாவுக்குப் பிரியும் சாலையில் ஏற ஏற வெள்ளை இளகியது. திடீரென்று, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கின மாதிரி, வெளியே வந்துவிட்டோம். மேலே கருநீல வானம், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் மேகத் தரை.

பின்சீட்டில் பட்டென்று ஒரு சத்தம். சந்தையில் வாங்கிய வாழைக்காய்ச் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பி, வெடித்துவிட்டது. கார் முழுக்கச் சிப்ஸ்.

2,800 மீட்டரில் பார்வையாளர் நிலையம். அதற்கு மேல் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் போகலாம். எங்கள் கார் அப்படியில்லை, போகவும் நினைக்கவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளச் சொன்னார்கள். சுடுதண்ணீரில் கரைத்த சூப் குடித்தேன். மூச்சு கொஞ்சம் வாங்கியது, நெஞ்சு படபடத்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். பிறகு எதிரே உள்ள மேட்டில், பத்து அடிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறினோம்.

தெற்கே மௌனா லோவா முழுசாகப் படுத்திருந்தது.

மலை என்றால் கூம்பாக மனதில் வைத்திருந்தேன். இது தொடுவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வளைவு, திமிங்கிலத்தின் முதுகு. 4,169 மீட்டர் உயரம், ஆனால் எங்கேயும் ஓங்கி நிற்கவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் பேத்தியோடு நின்றிருந்தார், கழுத்தில் பைனாகுலர். நான் கண்ணைச் சுருக்கித் தேடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தார். "ஆன்ட்டி, இந்தாங்க" என்று அவள் நீட்டினாள். அவரே என் தோளைத் தொட்டுத் திசை காட்டினார். கறுப்புக் குழம்பின் ஓட்டத்துக்கு மேலே, சரிவில், அசையாமல் ஒரு வெண்புள்ளி. "அதுதான்" என்றார்.

அவ்வளவுதான் பார்த்தேன். அது போதுமாக இருந்தது என்று சொன்னால் பொய். இன்னும் கிட்டே போக வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இங்கே நின்றபோது ஒன்று கண்ணெதிரே புரிந்தது, ஏன் இந்த மலை என்று. ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் ஒரு வெப்பப் படலம் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மேகம், தூசு, கடலின் ஈரம், ஊரின் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே. எங்கள் காலடியில் தெரிந்த மேகத் தரைதான் மூடியின் விளிம்பு. அதற்கு மேலே வீசுவது ஆயிரக்கணக்கான மைல் கடலைத் தாண்டி, நன்றாகக் கலந்து வரும் காற்று.

அப்படியும் முழுக்கச் சுத்தமில்லை. பகலில் பாறை சூடானால் காற்று சரிவில் மேலேறி, கீழேயுள்ள காட்டின் காற்றைக் கொண்டுவரும், எண் குறையும். ராத்திரி காற்று கீழிறங்கும்போது எரிமலை வாய்களின் புகை கலந்தால் பேனா துள்ளும். கீலிங் அந்தத் துள்ளல்களை ஒதுக்கிவிட்டு, மணிக்கணக்கில் பேனா அசையாமல் ஓடிய நேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். கம்பத்தின் உச்சியிலிருந்து குழாயில் இறங்கும் காற்றின் ஈரத்தை முதலில் உறையவைத்துப் பிரிப்பார்கள். கரியமில வாயு எவ்வளவு அகச்சிவப்புக் கதிரை விழுங்குகிறது என்று பார்த்துத்தான் கருவி அளக்கிறது, நீராவியும் அதை விழுங்கும் என்பதால். பிறகு அளவு தெரிந்த வாயுவையும் வெளிக்காற்றையும் மாற்றி மாற்றிச் செலுத்தி ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு நாளும். 1964-இல் நிதி வெட்டியதில் வசந்தகாலத்து மூன்று மாதம் எண் இல்லை. 1984 வெடிப்பில் மின்கம்பி அறுந்து ஒரு மாதம் இல்லை. இந்த முறை டிசம்பரிலேயே கருவியை எங்கள் தலைக்கு மேலே, இதே மௌனா கேயா உச்சிக்குக் கொண்டுவந்து தொடர்ந்துவிட்டார்கள். எண் இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் கரும்பலகையில் 350 என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. ஓய்வு பெறும் வருடம் பலகையின் மேல்விளிம்புக்கு வெளியே கோடு போய்விட்டது, சுவரில் வரைந்தேன்.

குடுவையில் காற்றுப் பிடிப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு, காற்று வரும் திசையைப் பார்த்து நடந்து, கையை நீட்டித் திறக்க வேண்டும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு. ஒரு மூச்சுப் பட்டால் அந்தக் குடுவை வீண்.

கையில் காலித் தண்ணீர்ப் புட்டி இருந்தது. உதறி உலர்த்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மௌனா லோவா பக்கமாகப் பத்து அடி நடந்து, கையை நீட்டித் திறந்து, இருபது எண்ணி, மூடினேன். திரும்பியபோது கண் இருட்டியது. பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பேத்தி மட்டும் தானும் மூச்சைப் பிடித்துக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றாள்.

சூரியன் மேகத்தில் இறங்கியதும் குளிர் ஐந்து டிகிரிக்கு வந்தது. நட்சத்திரங்களுக்குக் காத்திருக்க என் உடம்பு விடவில்லை.

29 மார்ச், புதன்: கிளம்பல்

மலையில் முதல் அளவு எடுத்து இன்று அறுபத்தைந்து வருடம். காலையில் மகள் போனில் பார்த்துச் சொன்னாள்: நேற்றைய எண்ணும் 420-க்கு மேல்தான்.

வீட்டுக்கார அம்மா தோட்டத்துப் பழத்தில் செய்த லிலிக்கோய் ஜாம் ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த மஸ்கோத் அல்வாவில் மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். கையால் பிய்த்து அங்கேயே ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

விமான நிலையச் சோதனையில் ஜாமை எடுத்து வைத்துக்கொண்டார்கள். திரவக் கணக்கில் வருமாம். அது தெரிந்திருந்தால் பெட்டியில் வைத்து அனுப்பியிருப்பேன். இன்னும் மனசு கேட்கவில்லை.

பிறகு புட்டியைத் தூக்கிப் பார்த்தார் சோதனைப் பெண். மலையில் விறைப்பாக இருந்தது, கடல்மட்டத்துக்கு வந்ததும் இருபக்கமும் ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது. அங்கே காற்றின் அழுத்தம் இங்குள்ளதில் ஏறத்தாழ எழுபது சதவீதம்தான், மீதியைக் கீழேயுள்ள காற்று நெருக்கிவிட்டது. நசுங்கிய புட்டியை எதற்கு இவ்வளவு பத்திரமாகத் துணியில் சுற்றியிருக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. மூடியைத் திறக்கக் கை வைத்தார்.

"திறக்காதீங்க, ப்ளீஸ்" என்றாள் மகள், என்னைவிட வேகமாக. "உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா மலையில் பிடித்த காற்று."

அந்தப் பெண் புட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மகள் நேற்றிரவு மார்க்கரில் எழுதியிருந்தாள்: 28.03.2023, 2,800 மீட்டர், மாலை 5.40. படித்துவிட்டு, திறக்காமல், தட்டில் நிமிர்த்தி வைத்து என் பக்கம் தள்ளினார்.

"போய்ட்டு வாங்க, ஆன்ட்டி."